காட்டுப்பள்ளிக்கு ஒரு பிளாட்டினம்

வருமான வரித் துறைக்கு நன்றியுணர்ச்சியே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒழுங்காக வரி கட்டியவர்களுக்கு 2016இல் அது பாராட்டுச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. ஒரு கோடிக்கு மேல் கட்டியவருக்குப் பிளாட்டினம், ஐம்பது லட்சத்துக்கு மேல் தங்கம், பத்து லட்சத்துக்கு மேல் வெள்ளி, ஒரு லட்சத்துக்கு மேல் வெண்கலம். மூன்று ஆண்டு கழித்து, 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கைக்கு அதுவும் போதவில்லை. மாவட்டத்துக்குப் பத்துப் பேர் வீதம் அதிக வரி கட்டுகிறவர்களைப் பொறுக்கி எடுத்து, விமானத்தில் அவர்களை முதலில் ஏற விடலாம், சாலையிலும் சுங்கச்சாவடியிலும் தனிப்பாதை ஒதுக்கலாம், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தெருவுக்கும் அவர்கள் பெயரையே வைக்கலாம் என்று யோசனை சொன்னது.

நல்ல யோசனை. திருவள்ளூர் மாவட்டத்துக்கான பத்துப் பேரையும் ஒரே ஊரிலிருந்து நான் சிபாரிசு செய்கிறேன். காட்டுப்பள்ளி. பொன்னேரி வட்டம். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் வங்கக்கடலும் மறுபக்கம் கழியுமாகப் பழவேற்காடு வரை நீளும் மணல் திட்டில் இருக்கிற ஊர். அங்கே குப்பத்தில் வலை கட்டுகிறவரையும், கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்ணையும் மேடையேற்றிச் சால்வை போர்த்த வேண்டும்.

ஆட்சேபணை உடனே வரும். அவர்கள் வருமான வரி கட்டுவதில்லையே? இந்த நாட்டில் வரி கட்டுகிறவன் நான் ஒருவன்தான், மற்றவனெல்லாம் இலவசத்தில் வாழ்கிறான் என்று அடையாறு, அண்ணா நகர்ப் பக்கம் காலை நடைப்பயிற்சியில் அங்கலாய்க்கிற நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்களுக்காக ஒரு லிட்டர் பெட்ரோலை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன்.

2021ஆம் ஆண்டு, ஜூலை 2. சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய நாள். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லின் பின்னால் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு மீஞ்சூருக்குப் போகிற ஒருவர் ஒரு லிட்டர் போடுகிறார் என்று வையுங்கள். அதில் ஒன்றிய அரசு எடுத்துக்கொண்டது 32 ரூபாய் 90 பைசா. இதிலே மாநிலங்களோடு பங்கு போட வேண்டிய அடிப்படைக் கலால் வரி எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 40 பைசா. மீதி 31 ரூபாய் 50 பைசாவுக்குச் செஸ் என்றும் சிறப்புக் கூடுதல் வரி என்றும் பெயர்: சாலைக்கு 18, விவசாயக் கட்டமைப்புக்கு 2.50, ‘சிறப்பு’க்கு 11. என்ன சிறப்பு என்றால், யாருக்கும் பங்கு தர வேண்டாம் என்பதுதான் அதன் சிறப்பு. பங்குக்கு வந்த 1.40இல் மாநிலங்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 41 சதவீதம், அதாவது 57 பைசா. அதில் பதினைந்தாவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு எழுதிவைத்த பங்கு 4.079 சதவீதம். பெருக்கிப் பாருங்கள். லிட்டருக்கு 2.3 பைசா. முப்பத்து மூன்று ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டேகால் பைசா திருப்பித் தருவதற்கு நம் அரசியல் சட்டத்தில் கூட்டாட்சி என்று பெயர்.

மாநில அரசு மட்டும் வாயைக் கட்டிக்கொண்டா இருந்தது? அதே ஆண்டு ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்துவிட்டோம் என்று மார்தட்டிய பிறகும் 13 சதவீதத்தோடு 11 ரூபாய் 52 பைசா மதிப்புக் கூட்டு வரி நின்றது. எக்ஸ்.எல். வண்டிக்காரரும் எட்டுச் சிலிண்டர் கார்க்காரரும் லிட்டருக்குக் கட்டுவது ஒரே தொகை. சமத்துவத்தை இந்த அரசு பம்பில் மட்டும் கறாராக நடைமுறைப்படுத்துகிறது.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். 2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. பட்ஜெட் இல்லை, நாடாளுமன்ற விவாதம் இல்லை, ஓர் அவசரச் சட்டம். நிறுவனங்களின் வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22ஆக இறங்கியது. புதிதாக ஆலை தொடங்கினால் 15தான். இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே சொன்னார். பங்குச் சந்தை துள்ளிக் குதித்தது. எட்டு மாதம் முடிவதற்குள், 2020 மே முதல் வாரத்தில், ஊரடங்கில் படகெல்லாம் கரையில் கிடந்தபோது, ஓர் இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏறியது. போன பணத்தை எங்கேயாவது பிடிக்க வேண்டுமல்லவா? 2015லேயே சொத்து வரியை, அதாவது வெல்த் டாக்ஸை, வசூலிப்பது சிரமம் என்று ஒழித்துவிட்டார்கள். பெரிய சொத்தைக் கண்டுபிடிப்பது சிரமம்தான். எக்ஸ்.எல். வண்டி தானாகவே பம்புக்கு வந்து நிற்கும்.

இந்த இடத்தில் நண்பர் சொல்வார்: தொழிற்சாலை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் வளர்ச்சி வரும், அதற்காகச் சலுகை தருவதில் என்ன தப்பு. சரி, சலுகை தந்த இடத்துக்கே போய்ப் பார்ப்போம். காட்டுப்பள்ளி மணல் திட்டில் எல் அண்டு டி கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கியது. பக்கத்திலே காமராஜர் துறைமுகம். அந்தத் துறைமுகத்தில் தனக்கிருந்த 67 சதவீதப் பங்கை ஒன்றிய அரசு 2020 மார்ச்சில் 2,383 கோடிக்கு விற்றது. யாருக்கு? தன்னுடைய சென்னைத் துறைமுகத்துக்கே. இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றி, நடுவில் பங்கு விற்பனை இலக்கு எட்டப்பட்டதாகக் கைதட்டிக்கொண்டார்கள். அப்புறம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2010இல் திறந்தது, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். பெயர் மீஞ்சூர் ஆலை, இருப்பது காட்டுப்பள்ளியில், தண்ணீர் போவது சென்னைக்கு. கழியை ஒட்டி வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், செப்பாக்கம் சாம்பல் குளம். தெற்கே எண்ணூர் உர ஆலை, மணலி சுத்திகரிப்பு நிலையம். ஒரு நாட்டின் மின்சாரம், பெட்ரோல், உரம், குடிநீர், ஏற்றுமதி எல்லாம் இந்த ஒரு கைப்பிடி நிலத்திலிருந்து வருகிறது. இத்தனைக்கும் நடுவே மூச்சு முட்டுகிற ஒரு கிழவியை ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, ஆம்புலன்ஸ் கன்டெய்னர் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆய்வறிக்கை சொன்ன தனிப்பாதையை எங்கே போட வேண்டும் என்று இன்னுமா தெரியவில்லை?

சலுகை என்றால் கஜானாவிலிருந்து போகும் பணம் என்று நினைக்கிறோம். காட்டுப்பள்ளிக்காரர்கள் கொடுக்கிற சலுகை எந்தப் பட்ஜெட் புத்தகத்திலும் அச்சாவதில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கொட்டுகிறது, ஆண்டுக்கணக்காகக் கொட்டுகிறது. குழாயை மாற்றினால் செலவு. ஆற்றில் விட்டால் செலவில்லை. அந்தச் செலவு எங்கே போயிற்று? இறாலுக்குப் போயிற்று, நண்டுக்குப் போயிற்று, மடவை கிடைக்காமல் வெறும் வலையோடு திரும்புகிறவரின் அடுப்புக்குப் போயிற்று. சென்னையில் ஏ.சி. ஓடுகிற ஒவ்வொரு வீட்டின் மின்கட்டணத்திலும் ஒரு பகுதியை எண்ணூர்க் கழியில் நிற்கிறவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மானியம் வாங்கிப் பழகிய கூட்டம் என்று வடசென்னையைச் சொல்கிறவர்கள் தங்கள் மீட்டரைப் போய்ப் பார்க்கட்டும்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு நிலையப் பக்கத்திலிருந்து எண்ணெய், வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கொசஸ்தலை வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை வந்தது. படகு, வலை, அலையாத்தி மரம், கூழைக்கடா எல்லாம் கறுப்பு. உலகத்தரம் வாய்ந்த சுத்திகரிப்பு நிலையத்தின் எண்ணெயை அள்ளியது என்ன இயந்திரம்? மீனவர்களின் கை. மக்கும் வாளியும் கொடுத்து அள்ளச் சொன்னார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து உடம்பைத் தேய்த்துக் குளிக்க அவர்கள் வாங்கிய சோப்புக்கு அன்றைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கம்பெனி கொட்டிய எண்ணெயைத் தன் தோலிலிருந்து கழுவுவதற்கும் அரசுக்கு வரி கட்டினான் எண்ணூர்க்காரன். இதற்குக் குறைந்தது ஒரு வெண்கலமாவது உண்டா இல்லையா? சோப்பு வரியை 5 சதவீதமாகக் குறைக்க 2025 செப்டம்பர் வரை ஆயிற்று. அதையும் தீபாவளிப் பரிசு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

நிவாரணம் அறிவித்தது மாநில அரசு. 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, இன்னொரு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் 8.68 கோடி. முந்தைய நிதியாண்டில், 2022-23இல், சி.பி.சி.எல். ஈட்டிய நிகர லாபம் சுமார் 3,534 கோடி. ஒரு நாளைக்கு ஒன்பதரைக் கோடிக்கும் மேல். ஒன்பதாயிரம் குடும்பங்களின் ஆறும் தொழிலும் அந்த ஆலையின் ஒரு நாள் லாபத்துக்குக்கூடப் பெறவில்லை. அடுத்த விபத்துக்கு அடுத்த மாதம் வரைகூட ஊர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கோரமண்டல் நிறுவனத்தின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்குப் போட்ட சுற்றுச்சூழல் இழப்பீடு 5.92 கோடி. வாரியத்துக்குக் கூட்டல் தெரியும், பெருக்கல்தான் வராது போல.

மிக்ஜாமுக்கும் அதே மாதம் தென்மாவட்டங்களில் வந்த வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது 37,907 கோடி. 2024 ஏப்ரலில் டெல்லி விடுவித்தது 276 கோடி. நூறு ரூபாய் கேட்டவனுக்கு 73 பைசா. 2024-25இல் பள்ளிக்கல்விக்கு வர வேண்டிய 2,152 கோடியையும், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் என்று பிடித்து வைத்தார்கள். வரி வசூலிக்கும்போது மட்டும் எந்தக் கையெழுத்தும் கேட்டதில்லை.

கோபம் வருகிறது அல்லவா? 2024 தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் ஊர் ஊராக 29 பைசாவைப் பற்றிப் பேசினார். தமிழ்நாடு கொடுக்கிற ஒரு ரூபாயில் திரும்ப வருவது அவ்வளவுதான் என்று. கூட்டம் கைதட்டியது, நானும்தான் ரசித்தேன். அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருக்கிறதோ, வருமான வரி பெரும்பாலும் அந்த ஊர்க் கணக்கில்தான் ஏறும். எண்ணூரில் அமோனியா இறக்கும் கோரமண்டலுக்குத் தலைமையகம் செகந்திராபாத். துறைமுகக்காரருக்கு அகமதாபாத். ஆக வரிக்கு விலாசம் அங்கே; நாற்றத்துக்கு விலாசம் இங்கே. தவிர, நம் பணம் பீகாருக்குப் போகிறது என்று மேடையில் கத்துகிறவர்கள் காட்டுப்பள்ளிச் சாலையோரத் தகரக் கொட்டகைகளை ஒருதரம் எட்டிப் பார்க்கலாம். பத்துப் பேரோடு ஓர் அறையில் படுத்துக் கிடக்கிற பீகார் பையன் நம் பணத்தில் கொழுத்தவனாகத் தெரிகிறானா? அவனும் அந்த 18 சதவீதச் சோப்பில்தான் குளித்தான்.

ஆனாலும் 29 பைசாக் கோபம் நியாயமான கோபம். அந்தக் கோபத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறேன். காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, எண்ணூர், மணலி, திருவொற்றியூர், ராயபுரம் கொடுக்கிற ஒரு ரூபாயில், புனித ஜார்ஜ் கோட்டை அந்த ஊர்களுக்குத் திருப்பித் தருவது எத்தனை பைசா? டெல்லி தமிழ்நாட்டுக்குச் செய்வதைச் சென்னை தன் வடக்குக்கு நூறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறது; டெல்லியிடம் கேட்கிற எந்த வாதத்தையும் வடசென்னை காதில் விழும்படி பேசாமலிருப்பது கோட்டைக்கு நல்லது.

2023 பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டம், ஆயிரம் கோடி என்றார்கள். 2024 மார்ச்சில், தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், அது 4,181 கோடியாகப் பூத்தது. நல்லது, வரட்டும். அதே வடசென்னை ஆண்கள் டாஸ்மாக் வழியாகக் கட்டுவதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். 2024-25இல் மாநிலம் முழுக்க டாஸ்மாக் வருவாய் 48,344 கோடி. நாளொன்றுக்கு 132 கோடி. மூட்டை தூக்கி, கப்பலில் துரு சுரண்டி, உடம்பு வலி தாளாமல் குடிக்கிறவனின் கூலியிலிருந்து அன்றன்றைக்கே பிடித்துக்கொள்ளும் இந்த வரிக்குத் தவணை கிடையாது, தள்ளுபடி கிடையாது. முதலீட்டாளர் வந்தாலோ, 2021 தொழிற்கொள்கையைத் திறந்து ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கைத் திருப்பித் தருகிறோம், முத்திரைத்தாள் கட்டணம் வேண்டாம், மின்சார வரி ஐந்து வருஷத்துக்கு வேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள். குப்பத்துப் பெண் மதியத்துக்கு மேல் கணவனின் சட்டைப்பையில் மிச்சம் தேடுகிறாள். கோட்டை முதலீட்டாளரின் சட்டைப்பையில் பணம் வைக்கிறது.

2022 ஏப்ரலில் வீட்டு வரி. நிதிக்குழு நிபந்தனை போட்டது, நாங்கள் என்ன செய்வோம் என்றார்கள். 2011இல் சென்னையோடு சேர்க்கப்பட்ட கத்திவாக்கத்துக்கும் திருவொற்றியூருக்கும் மணலிக்கும் 25 முதல் 100 சதவீதம் வரை ஏற்றம். டெல்லி சொன்ன நிபந்தனைகளில் கல்விக்கு வந்ததை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள், அதற்கு வணக்கம். வீட்டு வரிக்கு வந்தது மட்டும் தேன்போல் இனித்துவிட்டது.

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வைத்தார். துணிச்சலான காரியம், மறுக்கவில்லை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்றார். ஒவ்வொரு குடும்பமும் என்றால் போயஸ் தோட்டமும் காட்டுப்பள்ளிக் குப்பமும் ஒன்றுதான். லாபம் பிரிக்கும்போது யாரும் குடும்பக் கணக்குப் போடுவதில்லை. கடனைப் பிரிக்கும்போது மட்டும் நாம் எல்லாரும் ஒரு தாய் மக்கள்.

அந்தக் குப்பத்தின் பக்கத்தில்தான், 330 ஏக்கரில் இருக்கிற துறைமுகத்தை 6,110 ஏக்கராக்க 53,031 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று பல வருஷமாகப் படுத்திருக்கிறது. மாநில அரசின் டிட்கோ நிறுவனத்தின் கையிலிருக்கும் நிலம் வேண்டுமாம், கடலைத் தூர்த்து எடுக்கும் சுமார் இரண்டாயிரம் ஏக்கரும் வேண்டுமாம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரி 22 என்று நாள் குறித்தார்கள். கொரோனா என்று தள்ளினார்கள். அந்த வருஷத் தேர்தலில் இந்தத் திட்டத்தை வரவிடமாட்டோம் என்று வாக்குறுதி தந்த தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. 2023 செப்டம்பர் 5க்கு அதே கூட்டத்துக்கு மறுபடி நாள் குறிக்கப்பட்டது, மறுபடி தள்ளப்பட்டது. வரவிடமாட்டோம் என்பதற்கும் நாள் குறிப்பதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் காட்டுப்பள்ளிக்காரர்கள் படகில் போய் அளந்து பார்க்க முடியாது.

மூன்றாவது முறையும் நாள் குறிப்பார்கள். பந்தல் போடுவார்கள், போலீஸ் வரும், கம்பெனிக்காரர்கள் தலையணை கனத்தில் சுற்றுச்சூழல் அறிக்கை கொண்டுவருவார்கள். ஊர்க்காரர்கள் இந்தத் தடவை மனு எழுதிக்கொண்டு போகக் கூடாது. மனு எழுதுவது வாங்க வேண்டியவன் வேலை. இவர்கள் கொடுத்தவர்கள், பில் எழுதிக்கொண்டு போகட்டும். ஆற்றில் சாம்பல் கொட்டியதற்கு இட வாடகை, இத்தனை வருஷப் பாக்கி. அமோனியா இரவுக்கு ஓட்டக் கூலி. எண்ணெய் அள்ளிய கைக்கு மருந்துச் செலவு. சென்னையின் மின்கட்டணத்தில் நாங்கள் போட்ட பங்கு. டிரெய்லருக்குப் பின்னால் நின்ற ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்புக் கட்டணம். மாவட்ட ஆட்சியர் மேசையில் வைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வரட்டும். கடைசி வரியில், எல்லாக் கடைக்காரர்களும் எழுதுகிற மாதிரியே எழுத மறக்க வேண்டாம்: ஜி.எஸ்.டி. தனி.